அண்ணியின் மஞ்சள் சால்வை

எங்கள் அண்ணியைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனால் மானம் கப்பலேறிவிடும். எதிரே வருகிற ஒருத்தரையும் விடமாட்டார். "அந்தச் சட்டையப் பாரு, முன்பக்கம் மட்டும் தேச்சிட்டு முதுக விட்டுட்டான்" என்பார். "அந்தம்மா புடவ நல்ல பட்டு. யாரோ கொதிக்கிற தண்ணியில போட்டுக் கொன்னுட்டாங்க" என்பார். குரலைத் தாழ்த்திச் சொன்னாலாவது பரவாயில்லை. அந்தம்மா திரும்பி முறைப்பார். நான் சம்பந்தமே இல்லாதவள் மாதிரி பக்கத்துக் கடையில் குடை விலை கேட்டுக்கொண்டிருப்பேன்.

அண்ணி ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக இஸ்திரி போடுகிறவர். தரைக்குக் கீழே இருக்கிற அறை அது. ஜன்னல் கிடையாது. நீராவி, நான்கு இஸ்திரி மேஜை, சுவரோரமாகச் சக்கரம் வைத்த துணி வண்டிகள், அவ்வளவுதான். மேலே தங்குகிறவர்களின் உடுப்பெல்லாம் வெள்ளைப் பைகளில் கட்டிக் கீழே வரும். அண்ணி சொந்த ஊரைவிட்டு வெளியே போனதே இல்லை. ஆனால் எந்த ஊர்க்காரர் எந்தக் குளிருக்கு எதைப் போடுகிறார், எந்தத் துணி மழையில் நனைந்தால் கழுத்தறுக்கும், எது பெட்டியில் மூன்று நாள் கிடந்தாலும் கசங்காது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தோள் இரண்டையும் நிமிர்த்திக்கொண்டு நடப்பதால் வீட்டில் அவருக்கு 'ஹேங்கர்' என்று பெயர். வைத்த புண்ணியவதி நான்தான், அவருடைய நாத்தனார். எனக்குச் செருப்புக் கடையில் வேலை. அவர் மனிதர்களைக் காலரிலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வருவார். நான் காலிலிருந்து மேலே பார்த்துக்கொண்டு போவேன். இடுப்புக்கிட்டே வந்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் சண்டை வரும்.

அண்ணிக்கு ஒரே மகள். இருபத்தேழு வயதாகியும் எனக்கு அவள் 'வாண்டு'தான். மலைமேல் இருக்கும் வானிலை நிலையத்தில் வேலை. நாளைக்கு வெயிலா மழையா என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள். ஒருநாள் சாயங்காலம் போன் செய்தாள். நிலையத்துக்குப் புதுக் கட்டடம் கட்டியிருக்கிறார்களாம், திறப்பு விழாவாம். அங்கே வேலை பார்க்கிற ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, எல்லார் முன்னாலும் மைக்கில் அறிமுகம் செய்து வைக்க வேண்டுமாம்.

"இந்தத் தடவ ஷிப்டு கிப்டுன்னு சாக்குச் சொல்லாம நீ கண்டிப்பா வரணும்மா" என்றாள். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "நல்லா டிரெஸ் பண்ணிட்டு வாம்மா" என்றாள்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். அது ஒன்றும் தெரியாத முகமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குத் தெரியும்.

வாண்டு பத்தாவது படிக்கும்போது பள்ளியில் பரிசு கொடுத்தார்கள். அண்ணி ஷிப்டு முடிந்து நேரே ஓடி வந்தார். வேலைக் கோட்டைக் கழற்றக்கூட நேரமில்லை. மார்பில் 'சலவைப் பிரிவு' என்று நூலால் தைத்திருக்கும். கையில் ஒரு சூட்டுத் தழும்பு வேறு. வாண்டுவின் தோழி ஒருத்தி, "யாருடி அவங்க?" என்று கேட்டாள். வாண்டு எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுக்குத் தெரிஞ்சவங்க" என்றாள். நான் அண்ணிக்குப் பக்கத்தில்தான் நின்றேன். பத்தடிகூட இல்லை. அவருக்குக் கேட்காமல் இருக்க வாய்ப்பே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வாண்டுவை அங்கேயே நாலு சாத்து சாத்தியிருப்பேன். அண்ணி என் கையைப் பிடித்து அழுத்தினார். வீட்டுக்கு வந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மகளுடைய எந்த விழாவுக்கும் போகவில்லை. எப்போது கேட்டாலும் ஷிப்டு என்பார்.

இப்போது போனை வைத்துவிட்டு அண்ணி என்னிடம் சொன்னார்: "போறேன்டி. அவ என்னைக் காட்டி, இவங்கதான் எங்க அம்மான்னு நிமிர்ந்து சொல்லணும். அதுக்கு என்ன போட்டுக்கணுமோ அதப் போட்டுக்கறேன்."

இரண்டாவது ஆளாக என் அண்ணன் போயிருக்க வேண்டும். மலைப்பாதையில் ஆறாவது வளைவு வந்தாலே அவருக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். "அவளுக்கு நீயே லாயக்கு. ரெண்டு பேரும் வழியெல்லாம் அடிச்சுக்கிட்டே போங்க" என்று என்னைத் தள்ளிவிட்டார்.

ஒரு மாதம் வீடு இரண்டுபட்டது. கீழே கொளுத்துகிற வெயில், பாதி மலையில் மழை, உச்சியில் குளிர். மூன்றும் ஒரே நாளில். மேலே போகிற சின்ன வண்டியில் ஆளுக்கு ஒரே ஒரு பைதான் ஏற்றுவார்கள். நான் என் பங்குக்கு ஏழு உடுப்பை எடுத்துக் கட்டில்மேல் பரப்பி வைத்திருந்தேன். அண்ணி வந்து பார்த்தார்.

"கல்யாண வீட்டுக்குச் சீர் கொண்டு போறியா?"

"அழகா இருக்க வேண்டாமா அண்ணி?"

"இருபத்திரண்டு வருஷமா மத்தவங்க பெட்டியத்தான பார்த்துட்டிருக்கேன். பத்து உடுப்பு கொண்டு வர்றவங்களுக்கு மூணுதான் கீழ சலவைக்கு வரும். மீதி ஏழும் சும்மா ஊர் சுத்திட்டுப் போகும். ஒண்ணோட ஒண்ணு சேர்ற மாதிரி எடு. ரெண்டு அடங்கின நிறம், ஒரே ஒரு சத்தம் போடற நிறம். கீழ போடறது கருப்பா இருக்கட்டும், சேறு தெரியாது. குளிருக்குத் தடியா ஒண்ணு வேணாம், மெலிசா மூணு போடு. வெயில் வந்தா ஒண்ணொண்ணா கழட்டிக்கலாம்."

என் ஏழு உடுப்பில் ஐந்து அலமாரிக்குத் திரும்பிப் போயின. அடங்கின நிறமாகக் கருநீலமும் சாம்பலும் எடுத்தார். சத்தம் போடுகிற நிறத்துக்காகக் கடை கடையாக ஏறி இறங்கினோம். கடைசியில் ஒரு சால்வை கிடைத்தது. கண்ணைப் பறிக்கிற மஞ்சள், ஆனால் கை வைத்தால் வெண்ணெய் மாதிரி. அண்ணி அதைக் கசக்கிப் பிடித்து, இருபது எண்ணி, விட்டுப் பார்த்தார். ஒரு சுருக்கம் இல்லை. "இதான்" என்றார். கடைக்காரர் மூச்சு விட்டார், அதற்கு முன் பதினோரு சால்வையைக் கசக்கியிருந்தார் அண்ணி.

விழாவுக்கென்று தனியாக ஒரு கரும்பச்சைப் பட்டுப் புடவை. அதற்கு மேலே போட, அளவெடுத்துத் தைத்த சாம்பல் நிறக் குட்டை ஜாக்கெட். அது வந்த அன்று போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். அண்ணன் செய்தித்தாளை இறக்கிவிட்டு, "யாரும்மா நீங்க? என் பொண்டாட்டி எங்க?" என்றார். அண்ணி வெட்கப்பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். காலுக்கு மட்டும் என் ராஜ்யம். கணுக்கால் வரை ஏறுகிற கறுப்பு ஷூ, மழையில் வழுக்காத அடி. அவர் செருப்பே போதும் என்றார். "காலரப் பத்தி நான் பேசறேனா? காலப் பத்தி நீங்க பேசாதீங்க" என்றேன்.

போன் செய்தபோதெல்லாம் வாண்டு ஒரே பல்லவிதான். "விழா அன்னிக்கு நல்ல வெயில்மா. கணிச்சதே நான்தான்."

விடியக் கிளம்பினோம். கருநீலப் பருத்திக் குர்தாவும் கறுப்புக் கால்சட்டையும் அண்ணியின் பயண உடுப்பு. வெயிலில் கையை மடித்துவிட்டுக்கொண்டார். மழையில் மெல்லிய மழைக்கோட்டை எடுத்து மாட்டினார். குளிரில் மஞ்சள் சால்வையை இரண்டு சுற்றுச் சுற்றினார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் மற்றவர்கள் பெட்டியைக் குடைந்து நடுங்கிக்கொண்டிருந்தபோது, இவர் மட்டும் கைப்பையிலிருந்து ஏதோ ஒன்றை உருவி, போட்டு, முடித்துவிடுவார். பக்கத்து இருக்கைப் பெண் ஒருத்தி, "நீங்க அடிக்கடி டிராவல் பண்ணுவீங்களா?" என்று கேட்டாள். "என் துணிங்க பண்ணும்" என்றார் அண்ணி. அவள் புரியாமல் தலையாட்டினாள்.

சாயங்காலம் மலைமேல் ஒரு ஹோட்டலில் இறங்கினோம். வாண்டு விழா வேலையில் மாட்டிக்கொண்டதால் காலையில் நேரே நிலையத்தில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாள். அறைக்குள் நுழைந்ததும் அண்ணி படுக்கை விரிப்பின் ஓரத்தை விரலால் தடவி, "பரவால்ல, மூலைய மடிச்சுத் தேச்சிருக்காங்க" என்று சான்றிதழ் கொடுத்தார். விழாத் துணியை அவர் தன் ஹோட்டலிலிருந்து கொண்டுவந்த வெள்ளைத் துணிப்பையில் கட்டி வைத்திருந்தார். பஞ்சு மாதிரிக் கனமே இல்லாத பை, காற்றும் போகும். "மலைக்காத்துல ஈரம் ஏறும், காலையில பிரிச்சாப் போதும்" என்று சொல்லி, அதைக் கதவுக் கொக்கியில் மாட்டினார்.

காலையில் கண்ணாடி வராந்தாவில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் மலையை வேடிக்கை பார்த்தோம். வெயில் பளிச்சென்று அடித்தது. வாண்டு கெட்டிக்காரிதான் என்று சொல்லிக்கொண்டே அறைக்குத் திரும்பினோம். கொக்கி காலியாக இருந்தது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கட்டிலுக்கு அடியில் தேடினேன், குளியலறையில் தேடினேன். அண்ணி மட்டும் நடு அறையில் அசையாமல் நின்றார். பிறகு மெதுவாகத் தன் தலையில் தானே ஒரு அடி அடித்துக்கொண்டார்.

"கதவுல வெள்ளைப் பை தொங்கினா எதுக்குடி?"

"எதுக்கு?"

"சலவைக்கு! உலகத்துல எல்லா ஹோட்டல்லயும் சலவைக்குத்தான்! இருபத்திரண்டு வருஷமா அந்தப் பையப் பிரிச்சவ நான். மாட்டினவளும் நானே!"

என் ஆயுளில் இப்படி ஒரு கூத்தைப் பார்த்ததில்லை. தடதடவென்று படியிறங்கிக் கீழே ஓடினோம். ஜன்னல் இல்லாத அறை, நீராவி, மேஜைகள். அண்ணிக்கு யாரும் வழிகாட்ட வேண்டியிருக்கவில்லை. உள்ளே போனதும் மூன்றாவது இயந்திரத்தின் கண்ணாடிக்குள் எங்கள் கரும்பச்சை சுற்றிக்கொண்டிருந்தது. ஜாக்கெட் பக்கத்துத் தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தது. மணி ஒன்பதேகால். விழா பத்தரைக்கு.

அந்தப் பிரிவின் மேற்பார்வை அம்மா விஷயம் தெரிந்ததும் அழாத குறை. அண்ணி கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "பச்சையத் தனியாத்தான் போட்டிருக்கீங்க. குளிர்ந்த தண்ணியா?" என்றார்.

"ஆமாங்க, குளிர்ந்த தண்ணிதான். பட்டாச்சே."

"நல்லது. கைராசிக்காரங்க நீங்க."

நான் வெடித்துவிட்டேன். "அண்ணி! தண்ணிய விடுங்க. எதப் போட்டுக்கிட்டுப் போறீங்க?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நேற்று ஒன்பது மணி நேரம் வண்டியில் கசங்கிய குர்தாவைக் குனிந்து பார்த்தார். துணி வண்டியின் விளிம்பில் மெதுவாக உட்கார்ந்தார். "பன்னெண்டு வருஷம் கழிச்சு வர்றேன், பாரு" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

தானும் இதே தொழில்தான் என்று அண்ணி சொன்னதும் மேற்பார்வை அம்மா விறுவிறுவென்று உள்ளே போய் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்தார். "நேத்துதான் வந்துச்சு. எங்க ஆளுங்களுக்குக் குளிர்காலக் கோட்டு. யாரும் இன்னும் போடல." சாம்பல் நிறக் கம்பளி, முழங்கால் வரை, நல்ல வெட்டு. அண்ணி கையை வைத்ததும் முகம் மலர்ந்தது. பிரித்தார். மார்பில் வெள்ளை நூலால் 'சலவைப் பிரிவு' என்று தைத்திருந்தது. மலர்ந்த முகம் அப்படியே நின்றுவிட்டது.

"வேணாங்க" என்றார்.

அது ஏன் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் மஞ்சள் சால்வையை எடுத்து, கோட்டின்மேல் குறுக்காகப் போட்டு, எழுத்தை மூடிக் காட்டினேன். அண்ணி பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். தொழில் முழித்துக்கொண்டது.

"ஒரு மேஜை குடுங்க" என்றார்.

குர்தாவைத் தானே தேய்த்தார். கோட்டின் காலரை நீராவி காட்டி நிமிர்த்தினார், கை ஓரத்தை ஒரு மடிப்பு மடித்தார். அங்கே வேலை செய்த பெண்களில் ஒருத்தி தோளை இழுத்துப் பிடித்தாள், இன்னொருத்தி முதுகை அழுத்தினாள். என் கைப்பையின் கறுப்புத் தோல்வாரைக் கழற்றி இடுப்பில் பெல்ட்டாகக் கட்டிவிட்டேன். பை இல்லாமல் பர்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு அலைந்தது நான்தான், போகட்டும். சால்வையை எழுத்துக்கு மேலே கொண்டுவந்து ஊசி குத்தினார்கள். காலில் நான் எடுத்துக் கொடுத்த ஷூ. நிமிர்ந்து நின்றார். அந்தச் சலவை அறையே கைதட்டியது. அந்தப் பச்சைப் புடவையைவிட இதுதான் அவருக்கு எடுப்பு. இதை நான் அப்போதே சொல்லியிருப்பேன், இன்னும் தலைக்கனம் ஏறிவிடும் என்று விட்டுவிட்டேன்.

விழா, கட்டடத்தின் மொட்டை மாடியில். வானிலை நிலையத்துக்காரர்கள் எல்லாரும் தங்கள் கணிப்பை நம்பி மெல்லிசாக உடுத்தியிருந்தார்கள். வாண்டு கையில்லாத ஆரஞ்சுப் பட்டுச் சட்டையில் ஜொலித்தாள். அம்மாவைப் பார்த்ததும் கண்ணை அகல விரித்து, "அம்மா! செம ஸ்டைலா இருக்கம்மா!" என்று கட்டிக்கொள்ள வந்தாள். அண்ணி மார்பைக் கையால் மறைத்துக்கொண்டு, "ஊசி இருக்கு, குத்தும்" என்று பக்கவாட்டில் அணைத்தார். இயக்குநரின் மனைவி வந்து கோட்டின் கையைத் தொட்டுப் பார்த்து, எங்கே வாங்கியது என்று கேட்டார். "தெரிஞ்சவங்க குடுத்தாங்க" என்றார் அண்ணி. எனக்கு அந்த வார்த்தை நெஞ்சில் தைத்தது. அவர் வேண்டுமென்றே சொன்னாரா, வாயில் வந்ததா, இன்று வரை நான் கேட்கவில்லை.

பத்தே முக்காலுக்கு வெயில் காணாமல் போயிற்று. அரைமணிக்குள் மேகம் மாடிக்கே இறங்கி வந்துவிட்டது. காற்று எலும்புக்குள் போனது. கணித்தவர்களுக்கெல்லாம் பல் கிட்டியது. ஒவ்வொருவராக மைக்குக்கு வந்து, தம் வீட்டாரை அறிமுகம் செய்துவிட்டு ஓடினார்கள். வாண்டுவின் முறை வந்தது. மைக் முன்னால் போய் நின்றாள், வாயைத் திறந்தாள். நடுக்கத்தில் பேச்சு வரவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. கையிலிருந்த தாள் படபடத்தது.

அண்ணி எழுந்தார். அவர் கை சால்வை ஊசிக்குப் போனதைப் பார்த்தேன். "அண்ணி, வேணாம்" என்று கோட்டைப் பிடித்து இழுத்தேன்.

"புள்ளைக்குக் குளிருதுடி" என்றார்.

அவ்வளவுதான். நேரே நடந்துபோய், ஊசியைக் கழற்றி, எல்லார் முன்னாலும் சால்வையை உருவி மகளின் தோளைச் சுற்றிப் போர்த்தினார். கழுத்தை மூடி முடிச்சுப் போட்டார். வாண்டுவின் கண்ணுக்கு நேரே அம்மாவின் மார்பு, வெள்ளை எழுத்து. முதல் வரிசையில் இருந்தவர்களும் படித்தார்கள். இயக்குநரின் மனைவியும் படித்தார். இவள் இப்போது என்ன சொல்லப்போகிறாளோ, ஏதாவது ஏடாகூடமாகச் சொன்னால் மைக்கைப் பிடுங்கிவிடுவது என்று நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

வாண்டு எழுத்தைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். மைக்கை இழுத்துக்கொண்டாள்.

"இவங்க எங்க அம்மா" என்றாள். குரல் உடைந்தது. மறுபடி, இன்னும் சத்தமாக, "எங்க அம்மா. ஹோட்டல்ல சலவைப் பிரிவுல இஸ்திரி போடறாங்க. நான் பத்தாவது படிக்கும்போது ஒருத்தி இவங்க யாருன்னு கேட்டா. நான் பொய் சொல்லிட்டேன். அது அவங்க காதுல விழுந்துச்சுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். பன்னெண்டு வருஷமா சொல்லத் தைரியம் இல்ல. இப்ப சொல்றேன், மன்னிச்சுக்கோம்மா" என்றாள்.

அண்ணி மைக் பக்கமாகக் குனிந்து, "இன்னிக்கு வெயில்னு கணிச்சது இவதாங்க" என்றார்.

அந்தச் சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கைதட்டினார். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது. பர்ஸ் எங்கேயோ விழுந்துவிட்டது, அதைத் தேடுகிற சாக்கில் குனிந்தே இருந்தேன்.

கடைசியில் எல்லாரும் குடும்பத்தோடு படம் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் முறை வந்ததும், பழக்கதோஷம், அண்ணி மகளின் தோளிலிருந்த சால்வையின் நுனியை இழுத்துத் தன் மார்புப் பக்கம் கொண்டுவந்தார். வாண்டு அந்தக் கையைப் பிடித்துத் தள்ளினாள்.

"மறைக்காதம்மா. எழுத்துத் தெரியட்டும்."

அண்ணி கையை இறக்கிக்கொண்டார். தோளை நிமிர்த்தினார். படம் எடுப்பவர் தயாரா என்று கேட்டபோது, "ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லி, சால்வைக்குள் மடங்கியிருந்த மகளுடைய சட்டைக் காலரை வெளியே எடுத்து இரண்டு விரலால் நீவி நேராக்கிவிட்டார்.